முப்பது வெள்ளிக்கு எல்லா ராகமும்

1979-ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு தமிழன் கித்தாரோடு பெரிய ஆளாக வேண்டுமானால் மூன்று தேவைப்பட்டன: தலையில் ஒரு புதர், வாயில் சுத்தமான மலாய், பின்னால் ஓர் இசைத்தட்டு நிறுவனம். பினாங்கிலிருந்து புறப்பட்ட ஆலிகேட்ஸ் குழுவுக்கு மூன்றும் அமைந்தன. டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேறி ஊர் திரும்பி, அந்த ஆண்டில் ‘தெரிமா காசே’ என்ற மலாய் இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். நாடு அவர்கள் பாட்டைக் கேட்டது. எங்கள் சாலாக் செலாத்தான் ரயில்வே குவார்ட்டர்ஸ் அவர்கள் தலையைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாக்கள் வளர்ந்த பையன்களைக் காதைப் பிடித்து முடிதிருத்தும் கடைக்கு இழுத்துப்போன காலம் அது.

எனக்கு முடி இருந்தது. பள்ளியில் படித்ததும் பசாரில் கற்றதுமாக மலாயும் போதிய அளவு வந்தது. மூன்றாவதுதான் வரவில்லை. இப்போது முதலாவதும் போய்விட்டது.

கித்தார் என்று என்னிடம் இருந்தது ஒரு காப்போக். அந்தக் காலத்தில் பழகிய எவரிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உடனே தன் இடதுகை விரல்நுனியைத் தடவிக்கொள்வார். சீனாவிலிருந்து வந்த மலிவுக் கித்தார் அது. கம்பிக்கும் கழுத்துப் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைக்கலாம். ‘எஃப்’ கார்டு பிடித்தால் மணிக்கட்டு வரை வலிக்கும். மழை பெய்தால் பலகை உப்பும், வெயில் அடித்தால் சுருங்கும். காலையில் கூட்டிய சுதி மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடும். ஐந்து கார்டு கற்றுக்கொள்வதற்குள் விரலில் தோல் உரிந்து, மறுபடி முளைத்து, கடைசியில் காய்த்துவிடும். காய்த்தவன் இசைக்கலைஞன் ஆனான், காய்க்காதவன் கவர்மெண்டு வேலைக்குப் போனான்.

அழுத்தி வாசிக்க முடியாத கம்பியை என்ன செய்வது? மோட்டோர் பட்டறை வைத்திருந்த அண்ணனிடம் ஒரு ஸ்பேனர் சாக்கெட் கேட்டு வாங்கினேன். அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வைத்து இழுத்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடையிலே முறியாமல் போகலாம். கம்பி அவ்வளவு உயரத்தில் இருந்ததால் சாக்கெட் கீழே எதிலும் இடிக்கவில்லை. காப்போக்கின் குறையே அதற்குத் தகுதியாகிவிட்டது. மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பின மக்கள் போத்தல் கழுத்தை விரலில் மாட்டிச் செய்ததும் இதே காரியம்தான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாரியம்மன் கோயில் நாதஸ்வரக்காரர் தோடியில் இழுக்கும் இழுப்பில் கால்வாசி என் கையிலும் வருகிறது என்பதுதான். அந்தக் கால்வாசியை வைத்துத்தான் வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன்.

அப்பா ரயில்வே கேங்கில் வேலை பார்த்தார். தண்டவாளக் கட்டைக்கு அடியில் ஜல்லியைத் தள்ளி இடிக்கிற வேலை. சாயங்காலம் வந்து படுத்தால் என் சாக்கெட் சத்தம் அவருக்கு ஆகாது. “ரயிலு சத்தம் போட்டா சம்பளம் வருது. இது சத்தம் போட்டா என்னாடா வருது?” என்பார். என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது என் மகன் அதே கேள்வியை மரியாதையாகக் கேட்கிறான்: “அப்பா, இதையெல்லாம் ஏன் நீங்க மானிடைஸ் பண்ணாம விட்டீங்க?” பதில் இப்போதும் இல்லை.

ஆனால் வேலைக்குப் பஞ்சமில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சனி ஞாயிறு என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். சாலாக் செலாத்தான் புதுக்கிராமத்தில் சீனர் கல்யாண விருந்து என்றால் தெரேசா தெங் பாட்டுகள். காஜாங் பக்கத்துக் கம்பத்தில் மலாய்க் கல்யாணம் என்றால் ஜோகெட், நடுநடுவே பி. ரம்லி. கிள்ளானில் தமிழ்க் கல்யாணம் என்றால் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் மாதா கோயிலில் கித்தார்க்காரர் வராவிட்டால் எனக்கு ஆள் வரும். நெற்றியில் திருநீற்றோடுதான் போவேன். பாதர் ஒன்றும் சொன்னதில்லை. சுதி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். சாயங்காலம் புக்கிட் ராஜா பக்கமோ கேரித் தீவிலோ தோட்டத்துத் திருவிழா. லோரியின் பின்பலகையை இறக்கி அதுதான் மேடை. ஜெனரேட்டர் இருமும், குழாய் ஸ்பீக்கர் கத்தும், மின்சாரம் வந்துபோகும். இவ்வளவுக்கும் ஆளுக்கு முப்பது வெள்ளி. சீனர் விருந்தில் மட்டும் கூட ஒரு அங்பாவ் கிடைக்கும்.

ஊரில் என் போன்றவனை அன்றைக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? “எந்தப் பாட்டுக்கும் போவான்” என்றார்கள். பெண் கேட்டுப் போன இடத்தில் அது ஒரு குற்றச்சாட்டாகவே சொல்லப்பட்டது. இன்றைக்கு அதையே நிகழ்ச்சி அறிவிப்பில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். கீழே ஸ்பான்சர் பெயரும் இருக்கிறது.

எந்தப் பாட்டுக்கும் போவது சும்மா வந்துவிடாது. ஜோகெட்டில் கால் இரண்டாகவும் மூன்றாகவும் மாறி மாறி விழும். மலாக்காப் போர்த்துகீசியர் வழி வந்த தாளம் அது. தபேலாவில் ஆதியும் ரூபகமும் கேட்டு வளர்ந்த கைக்கு அது முதலில் பிடிபடாது. இடுப்பில் பிடித்த பிறகுதான் கைக்கு வரும். மலாய்க்காரப் பாட்டிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் அரை மணியில் வந்துவிடும். சீனப் பாட்டுகள் சுலபம். அதில் பாதிக்குமேல் ஐந்து சுரம்தான், மோகனம் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. ஜொகூர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மலாய் கஸல் வாசிக்கக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தால் எதிரே ஆர்மோனியமும் தபேலாவும்! கூடவே காம்புஸ் என்ற நரம்பு வாத்தியம், வயலின், ஒரு கித்தார். நம்மூர் நாடகக் கொட்டகை கப்பலேறி ஜொகூரில் இறங்கி, சொங்கோக் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது. இதுவரை நான் வாசித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் அந்த இரவைத்தான் சொல்வேன். ஆனால் நம் ஆட்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ‘இளைய நிலா’.

‘இளைய நிலா’வைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்தது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தக் கித்தாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அவர் பெயர் அன்றைக்குக் கிள்ளானில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவர் வாசித்த ஒவ்வொரு கம்பியும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று பிசகினால் முன்வரிசையில் பந்திக்குக் காத்திருக்கும் மாமா முகம் சுளிப்பார். இளையராஜாவே கித்தார்க்காரராகத் தொடங்கியவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். அவருக்குத் தெரிந்த கார்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட நம்மிடம் இல்லை என்பதைக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றுக்கொள்ளும்போதுதான் தெரிந்துகொண்டோம். டேப்பின் பட்டனை அமுக்கி, நிறுத்தி, பென்சிலால் சுற்றி, மறுபடி அமுக்கி. இப்போதைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கி, சுதி மாறாமல் கேட்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ப்ளூஸுக்கு வருகிறேன். அதில்தான் எனக்குக் கொஞ்சம் வாயடிக்க உரிமை உண்டு.

ப்ளூஸ் கேங் என்று ஒரு குழு. பாடியவர் ஈத்தோ. கித்தார் பிடித்தவர்களில் ஒருவர் பெயர் ஜிம் மாடசாமி. இந்தப் பெயரை முதலில் வானொலியில் கேட்டபோது நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக் காவல் தெய்வம் ஒன்று அரிவாளை இறக்கி வைத்துவிட்டு, பெயருக்கு முன்னால் ‘ஜிம்’ போட்டுக்கொண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை மலாயில் வாசிக்கிறது! அதிலும் சாதாரண மலாய் அல்ல. அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘ஆப்போ நாக் டிகாத்தோ’ நெகிரி செம்பிலான் வட்டார வழக்கில் உள்ள பாட்டு, சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் கொண்டுவந்த பேச்சு. மூன்று கண்டத்து வேரை ஒரே தொட்டியில் வைத்து வளர்த்துவிட்டார்கள். கோலாலம்பூர்க் கடைகளில் அது ஒலித்தது, ஆபீசு பஸ்ஸில் ஒலித்தது. நம் கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டார்: “அது யாருப்பா மாடசாமி? மலாய்ப் பாட்டு வாசிக்கிறவனா? அப்போ நம்ம நிகழ்ச்சிக்கு வேணாம்.” அவருடைய பேரன் இன்றைக்கு ப்ளூஸ் பற்றி எனக்கே வகுப்பெடுக்கிறான்.

பேரனுக்கு ஒரு கோட்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் பருத்திக் காட்டிலிருந்து ப்ளூஸ் வந்தது, மலாயாவில் ரப்பர் காட்டிலிருந்து நம் சோக இசை வந்தது, இரண்டும் ஒன்று என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் என் சித்தப்பா பால்வாளியைத் தூக்கிக்கொண்டு பாடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெம்மாங்கு கொஞ்சம், எம்.ஜி.ஆர். பாட்டு அதிகம். அழுகைப் பாட்டு பாடினால் தண்டல் வந்து ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்பான். உற்சாகப் பாட்டு பாடினால் ஒன்றும் கேட்க மாட்டான். ஒற்றுமை இருக்கிறது, ஆனால் பேரன் சொல்லும் இடத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. ப்ளூஸ்காரர் வாசிக்கும் ஐந்து சுரம் நம் சுத்த தன்யாசியோடு ஒட்டிப்போகும். அவர் கம்பியை வளைத்துச் சுரத்தை அசைப்பது கமகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதை விளக்க முனைவர் பட்டம் தேவையில்லை. ஒரு சாக்கெட் போதும்.

1994-ல் ஒரு செய்தி வந்தது. விஸ்வ மோகன் பட் என்ற ஜெய்ப்பூர்க்காரரும், ரை கூடர் என்ற அமெரிக்கரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுக்குக் கிராமி விருது. கூடர் ஒருநாள் ப்ளூஸ், மறுநாள் மெக்சிகோப் பாட்டு, அடுத்த நாள் ஹவாய் என்று போகிறவர். பட், கித்தாரில் கூடுதல் கம்பிகளைக் கட்டி மோகன வீணை என்று பெயர் வைத்து, ஹிந்துஸ்தானி ராகங்களைத் தண்டால் இழுத்து வாசிக்கிறவர். இருவருக்கும் அதற்கு முன் பழக்கமில்லை. சந்தித்த சற்று நேரத்திலேயே உட்கார்ந்து ஒரே இரவில் பதிவு செய்தார்களாம். உலகம் வியந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எங்கள் டிரம்மர் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: “நம்மளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடையிலதானே முதல்ல சந்திக்கிறோம்?” உண்மைதான். கல்யாண மண்டபத்தில் கீபோர்டுக்காரர் யார் என்றே தெரியாமல் ஏறி, முதல் பாட்டின் பல்லவியில் பெயரும் சுதியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று மணி நேரம் வாசித்து இறங்கியிருக்கிறோம். கிராமிக்குப் பதில் கேசரி கிடைத்தது. சில இடங்களில் கேசரியும் தீர்ந்துபோயிருந்தது.

அந்த டிரம்மரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார். ஆகவே வேண்டாம்.

வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. முதலில் பெரிய ஓட்டல் லௌஞ்சுகள் பிலிப்பைன்ஸ் குழுக்களைக் கூட்டிவந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நன்றாகப் பாடினார்கள், சிரித்துக்கொண்டே பாடினார்கள். எங்களுக்கு அந்தச் சிரிப்பு வராது. அப்புறம் கராவோக்கே. விருந்தாளியே பாட ஆரம்பித்துவிட்டால் கூலிக்குப் பாடுகிறவன் எதற்கு? அப்புறம் டிஸ்கெட் போடுகிற கீபோர்டு. ஒரே ஆள் வருவார், பட்டனைத் தட்டுவார், டிரம், பேஸ், கித்தார் எல்லாம் அதற்குள்ளிருந்து வரும். அதற்குச் சாப்பாடு போட வேண்டாம், பஸ் காசு கொடுக்க வேண்டாம், தண்ணி போட்டுவிட்டு வருமோ என்ற பயமும் இல்லை. ‘ஒன் மேன் பேண்ட்’ என்று அழைப்பிதழிலேயே போட்டார்கள். ஒரு கல்யாணத்தில் அந்த கீபோர்டுக்குள்ளிருந்து ‘இளைய நிலா’ கித்தார் வந்தது. பிசகே இல்லை. முன்வரிசை மாமா முகம் சுளிக்கவில்லை. நான் பந்தியில் இருந்தேன், விருந்தாளியாக. நல்ல சாப்பாடு.

1992-ல் இன்னொரு கூத்து. நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம். திரையில் காட்டக்கூடாது என்று அன்றைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத் நின்றார். செர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் ஆவியும் முடியைக் கொடுத்துத் திரையை வாங்கினார்கள். எல்லாப் பத்திரிகையிலும் படம். என் முடி அமைச்சர் சொல்வதற்குள்ளாகவே தானாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஆக அரசாங்க விதிமுறைக்கு முழுக்க உட்பட்ட ஒரே கித்தார்க்காரனாக நான் இருந்தேன். ஆர்.டி.எம். இருக்கும் அங்காசாபுரியிலிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

பதிவுக்கூட வேலையும் கொஞ்சம் இருந்தது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள், அத்தோடு சரி. பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துக் கொடுக்க எம்.ஏ.சி.பி. 1989-ல் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கம்பி மீட்டியவனுக்கு அதில் பங்கில்லை. ஒரு நிறுவனம் எனக்குத் தர வேண்டிய இரண்டு பாட்டுக் காசை இன்னும் தரவில்லை. நிறுவனம் இப்போது இல்லை, பாட்டு இருக்கிறது. ஒரு பர்னிச்சர் விளம்பரத்தில் கேட்டேன்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எங்களுக்கு வேலை போன அதே காலத்தில் எங்கள் சரக்குக்கு மதிப்பு வந்தது. 1998-ல், பொருளாதார நெருக்கடியில் லௌஞ்சுகள் விளக்கணைத்துக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூர் ஜாலான் மெசுயியில் ‘நோ பிளாக் டை’ என்ற இசை விடுதி திறந்தது. அங்கே போனால் ஆட்கள் பேசாமல் உட்கார்ந்து இசையைக் கேட்கிறார்கள்! முப்பது வெள்ளி வாங்கி வாசித்த என் இனத்தானுக்கு அது நம்பவே முடியாத காட்சி. எங்களை யாரும் பேசாமல் கேட்டதில்லை. நாங்கள் வாசித்ததெல்லாம் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு மேலே. அதே ஆண்டில் கூச்சிங்கில் மழைக்காட்டு உலக இசை விழா தொடங்கியது. சாப்பே வாசிக்கும் சரவாக் பெரியவர்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தார்கள். மண்வாசனைக்கு டிக்கெட் விலை வந்துவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது. டிக்கெட் வாங்கப் பணம் இல்லாததுதான் தாங்கல்.

எங்களில் ஒருவர் உண்மையிலேயே பேர் எடுத்தார் என்றால் அது பால் பொன்னுத்துரை. ஈப்போவில் பிறந்து சிங்கப்பூருக்குப் போனவர். ஒரு கித்தார், ஒரு குரல். ஊர் கேட்டுச் சலித்த பாட்டை எடுப்பார், எலும்பு எலும்பாகக் கழற்றுவார், வேறு மாதிரி பூட்டுவார். ப்ளூஸ், நாட்டுப்புறம், ராக், ஜாஸ் எல்லாம் அந்த இரண்டு கைக்குள் இருந்தன. பல ஆண்டுகள் சிங்கப்பூர் மதுக்கடைகளில், கிளாஸ் சத்தத்துக்கும் கால்பந்து டிவிக்கும் நடுவில் வாசித்தார். ‘டைம்’ இதழ் அவரைப் பற்றி வியந்து எழுதியது. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. “நம்ம பொன்னுத்துரை” என்றார்கள். அதற்கு முன்னால் ‘நம்ம’ கிடையாது. 2012 ஜூலையில் 51 வயதில் இறந்துபோனார். அவர் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கடையில் வாசித்த இரவுகளைப் பற்றி இப்போது நாற்பது பேர் தாங்கள் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ஆலிகேட்ஸ் லோகநாதனுக்கும் அதேதான். 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அந்த வாரம் கிள்ளானில் ஒரு தமிழ்க் கல்யாணம். ஆலிகேட்ஸ் பாட்டு ஒன்று வாசி என்று மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்குச் சீட்டு அனுப்பினார். தமிழ்க் கல்யாணத்தில் அந்தக் குழுவின் பாட்டை எவரும் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசித்தேன். பெரியப்பா அழுதார். 1979-ல் தன் பிள்ளையை முடிவெட்ட இழுத்துப்போனவர் அவர்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வாருங்கள். அப்பா ஜல்லி இடித்த ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001-ல் கேஎல் சென்ட்ரல் வந்தது. 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு, வர்ணம், நீரூற்று, அதில் யானை. ஜாலான் துன் சம்பந்தனில் கேசட் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். அந்தக் கடைகளின் வாசலில் கேட்டுத்தான் நாங்கள் புதுப் பாட்டைக் கற்றுக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கியது குறைவு என்பதால் கடை மூடியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் தள்ளி ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிள்ளைகள் வயலினும் மிருதங்கமும் முறையாகப் படிக்கிறார்கள். அதன் அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. எங்கள் கல்யாணக் கச்சேரிகளும் அதே முறையில்தான் நடந்தன. என்ன, யாரும் அதை முன்கூட்டியே சொல்லவில்லை.

நடைபாதையில் பார்வையற்ற கலைஞர்கள் வாசிக்கிறார்கள். பார்வையற்றோர் சங்கத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஒருநாள் மோனோரெயில் நிலையத்துக்குக் கீழே ஒருவர் கித்தாரில் மலாய்ப் பாட்டு ஒன்றை முடித்து, நின்று கேட்ட சீனப் பெண்ணுக்காக ஒரு கேண்டனீஸ் பாட்டைத் தொடங்கி, நான் பக்கத்தில் வந்ததும் எப்படி மோப்பம் பிடித்தாரோ, ‘இளைய நிலா’வின் முதல் கம்பியை மீட்டினார். அவர் ஸ்பீக்கர் பக்கத்தில் கியூ.ஆர். அட்டை தொங்கியது. சில்லறை இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எந்தப் பாட்டுக்கும் போகிறவர்களின் பரம்பரை அற்றுப்போகவில்லை என்று தெரிந்துகொண்டு, ஐந்து வெள்ளி அனுப்பினேன். மகன் வந்து செயலியைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதால் அவர் அந்தப் பாட்டை இரண்டு தடவை வாசித்தார்.

எனக்கு இப்போது சீடர்கள் உண்டு. வீட்டுக்கு வருகிறார்கள், எல்.ஆர்.டி.யில் சாலாக் செலாத்தானில் இறங்கி. நல்ல பிள்ளைகள். கையில் நல்ல கித்தார், சுதி கூட்டச் செயலி, கண்ணாடியிலும் பீங்கானிலும் செய்த ஸ்லைடு. ஒருவன் தன் கித்தாரைக் கடையில் கொடுத்து, கம்பியை உயர்த்திக் கட்டச் சொல்லி அதற்குக் கூலியும் கொடுத்திருக்கிறான். ஸ்லைடுக்கு அப்போதுதான் வருமாம். நான் அலமாரியின் மேலிருந்து காப்போக்கை இறக்கிக் காட்டினேன். பையன் கண் கலங்கிவிட்டான். “அங்கிள், இது விண்டேஜ்!” என்றான். விலை கேட்டான். அவன் சொன்ன தொகை, அதை நான் வாங்கிய விலைக்கு எத்தனை மடங்கு என்று சொன்னால் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து பதிலை வாங்கிக்கொள்வார். விற்கவில்லை. விற்றால் சாக்கெட்டை எதில் வைப்பது?

அவனுக்கு ஒரு மேடைத் திட்டமும் இருக்கிறது. உறுமி மேளம், ப்ளூஸ் கித்தார், ஜோகெட் தாளம், ஒரு ராப். கேட்டேன். நன்றாகவே இருந்தது, அதை மறைப்பானேன். 2006-ல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பில் பழைய இளையராஜா பாட்டை எடுத்து ராப் போட்டபோது முணுமுணுத்த பெரியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தத் தொகுப்பே பழசாகிவிட்டது, அதைப் புனிதமாகப் பேசும் ஒரு தலைமுறை வந்துவிட்டது. இந்தப் பையனின் திட்டத்தில் ஒரே ஒரு குறைதான். ஒரு மேடைக்கு ஒரே ஒரு தடவை வாசிப்பதற்கு இரண்டு மாதம் ஒத்திகை பார்க்கிறார்கள். எங்களுக்கு அந்த இரண்டு மாதத்தில் மூன்று மதத்துத் திருவிழா முடிந்திருக்கும்.

என்னையும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறான். சம்பளம் பற்றிக் கேட்டதற்கு, “அங்கிள், நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்றான். வெயிலில் லோரி மேல் நின்று வாசித்தவனுக்கு அதற்குமேல் என்ன எக்ஸ்போஷர் வேண்டும் என்று தெரியவில்லை. முப்பது வெள்ளி கேட்டிருக்கிறேன். 1980-களின் முப்பது வெள்ளி இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான்.

உங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வந்து, டிஜேயை விட்டுவிட்டு உயிருள்ள மனிதர்களைக் கூப்பிடுவதாக இருந்தால், பாதிப் பணத்தை முன்பே கொடுங்கள். மீதியை அவர்கள் மேடையிலிருந்து இறங்குமுன் கொடுங்கள். முதல் பந்தியிலேயே சாப்பாடு போடச் சொல்லுங்கள். ‘இளைய நிலா’ கேட்பதானால் ஒன்பது மணிக்குள் கேட்டுவிடுங்கள். அதற்குமேல் விரல் ஒத்துழைக்காது.